வயலுக்கு வந்த கடற்பாசி அடுப்படிக்கு எப்போது வரும்?

ஆவடி, பட்டாபிராம், பூந்தமல்லி வட்டாரத்தில் நெல், கீரை, மல்லிகை என்று நீங்கள் எதைச் சாகுபடி செய்தாலும் கடற்பாசிச் சாறு உங்களுக்குப் புதிதாக இருக்காது. உரக்கடையில் கேட்டால் பாட்டிலை எடுத்துக் கொடுக்கிறார்கள். தண்ணீரில் கலந்து இலைவழியாகத் தெளிக்கிறீர்கள். பயிர் வளர்ச்சி ஊக்கிகளை மத்திய அரசு 2021-ம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணையின்கீழ் கொண்டுவந்தபோது, கடற்பாசிச் சாறும் அந்த வகைப்பாட்டில் இடம்பெற்றது. ஆக, கடற்பாசி நம் வயலுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

அதே கடற்பாசியைச் சாப்பிட்டிருக்கிறீர்களா என்று கேட்டால் உங்களில் பலர் முகம் சுளிப்பீர்கள். பாசி என்றதும் கிணற்றுப் படியில் காலை வழுக்கிவிடும் பச்சைதான் நம் நினைவுக்கு வருகிறது.

இன்று கடற்பாசி வளர்ப்புக்கு அரசு நூற்றுக்கணக்கான கோடி ரூபாயை ஒதுக்கியிருக்கிறது. உற்பத்தி இலக்கு லட்சம் டன் கணக்கில் பேசப்படுகிறது. விளைவதை யார் வாங்குவார்கள் என்ற கேள்விக்குத்தான் இன்னும் திருத்தமான பதில் இல்லை. அந்தப் பதிலில் நம் வீட்டு அடுப்படிக்கும் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்பது என் கருத்து. எந்த வகை, எவ்வளவு, எங்கிருந்து வந்தது என்று தெரிந்து சாப்பிட வேண்டும் என்பதும் அதே அளவுக்கு முக்கியம். இரண்டையும் சேர்த்தே பார்ப்போம்.

பெயரில் உள்ள குழப்பம்

முதலில் பெயரைத் தெளிவாக்கிக் கொள்வோம். பிரியாணிக்குப் போடும் கல்பாசி கடலில் விளைவதில்லை. அது மரப்பட்டையிலும் பாறையிலும் படரும் லைக்கன் வகை. ஸ்பைருலினா எனப்படும் சுருள்பாசி தொட்டிகளில் வளர்க்கப்படும் நீலப்பச்சைப்பாசி; கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியது. நாம் இங்கே பேசுவது கடலடிப் பாறைகளிலும் பவளத் திட்டுகளிலும் ஒட்டி வளரும், கையால் பறிக்கக்கூடிய பெரும்பாசிகளைப் பற்றி. இவற்றில் பச்சை, பழுப்பு, சிவப்பு என மூன்று பிரிவுகள் உண்டு. இந்தியக் கடல்களில் 800-க்கும் மேற்பட்ட இனங்கள் பதிவாகியுள்ளன.

நாம் ஏற்கெனவே சாப்பிடுகிறோம்

ஆவடி மளிகைக் கடைகளில் ‘சைனா கிராஸ்’ என்று கேட்டால் வெள்ளைத் தாள் நாடா போன்ற ஒன்றைத் தருவார்கள். அதைத்தான் பல வீடுகளில் ‘கடல்பாசி’ என்கிறோம். ரம்ஜான் மாதத்தில் இஸ்லாமியர் வீடுகளில் பாலும் சர்க்கரையும் ரோஸ் எசன்ஸும் சேர்த்துக் காய்ச்சி, தட்டில் ஊற்றி, வில்லை போட்டு வைப்பார்கள். அதன் பெயர் அகர். சிவப்புப் பாசியைக் கொதிக்க வைத்து வடித்து எடுக்கும் கூழ்ப்பொருள்.

அடுத்த முறை ஐஸ்கிரீம் டப்பாவையோ சாக்லேட் பால் பாக்கெட்டையோ வாங்கும்போது பின்புறம் உள்ள சிறிய எழுத்துகளைப் படித்துப் பாருங்கள். 406 என்ற எண் இருந்தால் அது அகர். 407 என்றால் கராஜீனன். 401 என்றால் சோடியம் ஆல்ஜினேட். மூன்றும் கடற்பாசியிலிருந்து எடுக்கப்படுபவை. பற்பசையிலும் இவை சேர்கின்றன.

கடற்பாசி நமக்கு அந்நிய உணவு என்று சொல்வது, ஆகவே, சரியில்லை. இப்படி நாம் சாப்பிடுவது பாசியிலிருந்து பிரித்தெடுத்த கூழ் மட்டும்தான். நெல்லை வாங்கி, அதிலிருந்து எடுத்த மாவுப்பசையை மட்டும் சாப்பிடுவது போன்றது இது. பாசியில் உள்ள தாதுக்களும் புரதமும் ஆலையிலேயே நின்றுவிடுகின்றன. அதைவிட முக்கியமாக, பாசியை எடுப்பவருக்கு அது ஒரு தொழிற்சாலை மூலப்பொருளாகவே விலை போகிறது.

இராமநாதபுரம் கடற்கரையில் நடப்பது

ஆவடியிலிருந்து 500 கிலோமீட்டருக்கு அப்பால், மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணைப் பகுதியிலும்தான் தமிழ்நாட்டின் கடற்பாசித் தொழில் பெரும்பாலும் நடக்கிறது. பாம்பன், மண்டபம், இராமேசுவரம் பகுதிப் பெண்கள் தலைமுறைகளாகக் கடலில் மூழ்கிப் பாசி எடுத்துவருகிறார்கள். கண்ணாடி, கையில் துணிச்சுற்று, இடுப்பில் ஒரு பை. கருவிகள் இவ்வளவுதான். அவர்கள் எடுக்கும் வகைகளுக்கு அழகான தமிழ்ப் பெயர்கள் உண்டு: மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை, பக்கோடா பாசி. முதல் இரண்டும் அகர் எடுக்கவும், பின் இரண்டும் ஆல்ஜினேட் எடுக்கவும் போகின்றன.

இந்தப் பெண்கள் தங்களுக்குத் தாங்களே எல்லை வகுத்துக்கொண்டவர்கள். பாசி மீண்டும் தழைக்க வேண்டும் என்பதற்காக எடுக்கும் நாட்களைக் குறைத்துக்கொண்டார்கள். இந்த முயற்சிக்கு முன்னின்ற சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015-ம் ஆண்டு சீகாலஜி என்ற சர்வதேச விருது கிடைத்தது. மறுபக்கம், 1986-ல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் 21 தீவுகள் வருகின்றன. அவற்றைச் சுற்றிப் பாசி எடுப்பது தொடர்பாக இந்தப் பெண்களுக்கும் வனத்துறைக்கும் இழுபறி நீடிக்கிறது.

இயற்கையில் எடுப்பது ஒருபுறம் இருக்க, வளர்ப்பும் இங்கு வந்தது. கப்பாபைகஸ் என்ற சிவப்புப் பாசி நம் கடலைச் சேர்ந்ததில்லை. பிலிப்பைன்ஸ் கடலைப் பூர்வீகமாகக் கொண்டது. மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருட்கள் ஆராய்ச்சி நிறுவனம் இதை இங்கு வளர்க்கும் முறையை உருவாக்கியது. 2000-க்குப் பிறகு பெப்சிகோ நிறுவனத்தின் ஒப்பந்த முறையில் இது மீனவர் குடும்பங்களிடம் பரவியது. 2001-ல் 21 டன்னாக இருந்த உலர்பாசி உற்பத்தி 2012-13-ல் 1,490 டன்னைத் தொட்டது. அதை ஒட்டி வந்த வெப்பத்தில் பாசி கூட்டம் கூட்டமாக அழுகி மடிந்தது. உற்பத்தி சரிந்தது. பல ஆண்டுகள் அது தலைதூக்கவில்லை.

இன்னொரு சிக்கலும் எழுந்தது. மிதவையிலிருந்து பிய்ந்துபோன கப்பாபைகஸ் துண்டுகள் குருசடைத் தீவுப் பவளப்பாறைகளின் மேல் போர்வை போலப் படர்ந்திருப்பதை 2008-ல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். அதற்கு முன்பே, 2005-ல், இதன் வளர்ப்பைப் பாக் நீரிணையின் வடபகுதிக்கும் தூத்துக்குடிக்குத் தெற்கேயும் மட்டும் என்று தமிழக அரசு வரையறுத்திருந்தது.

இப்போது மீண்டும் வேகம் கூடியிருக்கிறது. 2020-ல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் கடற்பாசிக்கென்று ரூ.640 கோடி ஒதுக்கப்பட்டது. ஆண்டுக்கு 11 லட்சம் டன்னுக்கு மேல் உற்பத்தி என்ற இலக்கு அறிவிக்கப்பட்டது. இராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் சுமார் ரூ.127 கோடியில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. உயிருள்ள பாசி விதைகளை வெளிநாடுகளிலிருந்து கொண்டுவருவதற்கான வழிகாட்டு நெறிமுறைகளை மத்திய மீன்வளத் துறை 2024 அக்டோபரில் வெளியிட்டது.

ஒரே வாங்குநர் என்றால் என்ன ஆகும்?

ஒரு மிதவைக் கணக்கைப் பாருங்கள். 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை. 60 கிலோ விதைப்பாசியைக் கயிற்றில் கட்டிக் கடலில் விட்டால் 45 நாளில் 260 கிலோ வரை கிடைக்கும். அதில் 60 கிலோவை மறு விதைக்கு எடுத்து வைத்தால் மீதி 200 கிலோ. பத்துக் கிலோ ஈரப்பாசி காய்ந்தால் ஒரு கிலோ. ஆக ஒரு மிதவையில் கைக்கு வருவது 20 கிலோ உலர்பாசி. ஒரு குடும்பம் 45 மிதவை வைத்து நாளுக்கொன்று அறுவடை செய்வது வழக்கம்.

உலர்பாசியின் விலை கிலோவுக்குப் பத்து ரூபாய் இறங்கினால், 45 மிதவைக்கு ஒரு சுற்றில் 9,000 ரூபாய் போய்விடும். அந்த விலையை முடிவு செய்பவர் யார்? கராஜீனன் ஆலையும் உரச்சாறு ஆலையும்தான். அவர்களும் ஒரு கை விரலில் எண்ணக்கூடியவர்கள். பாசியை மனிதர் உணவாக வாங்கும் கடை அந்தக் கடற்கரையில் ஏறக்குறைய இல்லை.

இது உங்களுக்குப் புரியாத விஷயம் இல்லை. ஒப்பந்தப் பயிர் போட்டவர்களுக்கும், ஒரே ஆலையை நம்பிக் கரும்பு நட்டவர்களுக்கும் இதன் வலி தெரியும். ஆலை எடுக்க மறுத்தால் அந்த விளைபொருளை வேறு எவரிடமும் விற்க முடியாது. அதே விவசாயி தக்காளியோ கத்தரியோ போட்டிருந்தால், விலை விழுந்தாலும் ஆவடிச் சந்தைக்குக் கூடையைத் தூக்கிக்கொண்டு வரலாம். வீடுகள் வாங்கும் பொருளுக்கு இருக்கும் பாதுகாப்பு, ஆலை மட்டும் வாங்கும் பொருளுக்குக் கிடையாது.

அதனால்தான் உற்பத்தி இலக்கோடு உண்ணும் பழக்கமும் சேர்ந்து வளர வேண்டும் என்கிறேன். சிறுதானியத்தில் நாம் பார்த்தது இதுதான். வரகும் சாமையும் சந்தைக்குத் திரும்பியது, அவற்றில் இட்லியும் தோசையும் பொங்கலும் செய்யலாம் என்று வீடுகள் கண்டுகொண்ட பிறகே.

ஜப்பான் கற்றுக்கொண்ட பாடம்

உலகில் ஆண்டுக்குச் சுமார் 3.6 கோடி டன் ஈரப்பாசி உற்பத்தியாகிறது. பாதிக்கு மேல் சீனாவில் விளைகிறது, அடுத்து இந்தோனேசியா. சீனா, ஜப்பான், கொரியாவில் கணிசமான பங்கு நேராக உணவுத் தட்டுக்கே போகிறது. ஜப்பானியர் சோற்றைச் சுற்றும் கறுப்பு நிற ‘நோரி’ தாளைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள்.

இந்த நோரிக்கும் ஒரு விதைப் பிரச்சினை இருந்தது. குளிர்காலத்தில் பாசி வரும். கோடையில் காணாமல் போகும். அது எங்கிருந்து முளைக்கிறது என்று எவருக்கும் தெரியாததால் அதைச் சூதாட்டக்காரனின் புல் என்று அழைத்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் மகசூல் மோசமாக விழுந்தது. கேத்லீன் ட்ரூ-பேக்கர் என்ற பிரிட்டிஷ் பெண் விஞ்ஞானி, அந்தப் பாசி கோடைக்காலத்தைக் கிளிஞ்சலுக்குள் நுண்ணிய இழையாக வாழ்ந்து கழிக்கிறது என்று 1949-ல் கண்டறிந்து எழுதினார். அதைப் படித்த ஜப்பானிய ஆய்வாளர்கள் கிளிஞ்சலில் விதையை வளர்த்து வலையில் ஏற்றும் முறையை உருவாக்கினார்கள். அவர் ஜப்பானுக்குப் போனதே இல்லை. ஆனாலும் 1963-ல் குமாமோட்டோ பகுதிப் பாசி விவசாயிகள் அவருக்கு நினைவுக்கல் வைத்தார்கள். ஒவ்வொரு ஏப்ரல் 14-ம் தேதியும் அங்கு விழா நடக்கிறது.

இதில் நமக்கு இரண்டு செய்திகள் உள்ளன. ஒன்று, விதை. நம் கப்பாபைகஸ் ஆண்டுக்கணக்காக ஒரே தாய்ப்பாசியிலிருந்து துண்டு துண்டாகப் பெருக்கப்பட்டது. ஒரே கரும்புக் கரணையையும் ஒரே வாழைக் கன்றையும் தொடர்ந்து நட்டால் வீரியம் குறைவதைப் பார்த்த உங்களுக்கு இதன் ஆபத்தை விளக்க வேண்டியதில்லை. திசு வளர்ப்பு நாற்றும் விதை வங்கியும் இப்போதுதான் வந்துகொண்டிருக்கின்றன. இரண்டு, சந்தை. விதைச் சிக்கல் தீர்ந்ததும் ஜப்பான் விவசாயி எழுந்து நின்றதற்குக் காரணம், நோரியை வாங்க ஒவ்வொரு வீடும் காத்திருந்தது. நம்மிடம் அந்தக் காத்திருப்பு இல்லை.

சத்து: எது உண்மை, எது மிகை?

‘பாலைவிடப் பல மடங்கு கால்சியம், பருப்புக்கு நிகரான புரதம்’ என்று கடற்பாசிப் பொட்டலங்களில் எழுதுகிறார்கள். நூறு கிராம் உலர்பாசியை வைத்துச் சொல்லும் கணக்கு அது. ஒருவர் ஒரு நாளில் சாப்பிடக்கூடியது ஐந்து கிராம்தான். அந்தப் பாசியில் 20 சதவீதம் புரதம் இருந்தால்கூட ஐந்து கிராமில் கிடைப்பது ஒரு கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம் இருக்கிறது. எனவே புரதத்துக்காகக் கடற்பாசி சாப்பிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பருப்பும் முட்டையும் மீனும் தங்கள் இடத்தில் இருக்கட்டும்.

அப்படியானால் கடற்பாசியின் பலம் எதில்? மூன்று விஷயங்களில்.

முதலாவது நார்ச்சத்து. உலர்பாசியின் எடையில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ நார்ச்சத்து. அதிலும் பெரும்பகுதி தண்ணீரை இழுத்துக் கூழாகும் வகை. மலச்சிக்கலுக்கும், சாப்பிட்டபின் வயிறு நிறைந்த உணர்வுக்கும் இது உதவும்.

இரண்டாவது தாதுக்கள். கடல்நீரில் உள்ள பொட்டாசியம், மக்னீசியம், கால்சியம், இரும்பு போன்றவற்றைப் பாசி தன் உடலில் சேர்த்து வைக்கிறது. சிறிய அளவானாலும் தினசரி உணவில் இது ஒரு கூடுதல் வரவு.

மூன்றாவது அயோடின். இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். குஜராத்துக்கு அடுத்தபடியாக உப்பு விளைவிக்கும் மாநிலம் நம்முடையது. 2018-19-ல் நடந்த தேசிய அயோடின் உப்பு ஆய்வில், போதுமான அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் நாட்டளவில் 76.3 சதவீதம், தமிழ்நாட்டில் 61.9 சதவீதம். மாநிலங்களிலேயே கடைசி இடம். அயோடின் குறைந்தால் முன்கழுத்துக் கழலை வரும். கருவுற்ற தாய்க்குக் குறைந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும்.

ஒரு நாளைக்குப் பெரியவர் ஒருவருக்குத் தேவை 150 மைக்ரோகிராம் அயோடின். கடையில் விற்கும் அயோடின் உப்பில் கிராமுக்குக் குறைந்தது 15 மைக்ரோகிராம் இருக்க வேண்டும் என்பது சட்டம். நம் வீடுகளில் ஒருவர் சாப்பிடும் எட்டு, பத்து கிராம் உப்பிலேயே தேவை ஏறக்குறைய நிறைவேறிவிடும். அதனால் அயோடின் உப்புக்கு மாற்றாகக் கடற்பாசியை எண்ண வேண்டாம். காரணம், பாசியில் அயோடின் அளவு வகைக்கு வகை தாறுமாறாக மாறும். சந்தையில் கிடைக்கும் உணவுப் பாசிகளை ஆராய்ந்த 2004-ம் ஆண்டு ஆய்வொன்றில், நோரியில் கிராமுக்கு 16 மைக்ரோகிராம் இருந்தது; குளிர்கடலில் விளையும் கெல்ப் என்ற பழுப்புப் பாசியில் 8,000-ஐத் தாண்டியது. பின்னதில் ஒரு கிராம் சாப்பிட்டாலே ஒரு நாள் தேவையைப் போல 50 மடங்கு உள்ளே போகும். அயோடின் மிகுந்தாலும் தைராய்டு கெடும்.

எதைச் சாப்பிடலாம், எதைத் தொடக்கூடாது?

தமிழ்நாட்டு வீட்டுக்கு நான் முதலில் சொல்வது கஞ்சிப்பாசி. இதன் அறிவியல் பெயர் கிராசிலேரியா எடுலிஸ். எடுலிஸ் என்ற லத்தீன் சொல்லுக்கே உண்ணத்தக்கது என்று பொருள். தமிழ்ப் பெயரும் அதையே சொல்கிறது: கடற்கரை மக்கள் இதில் கஞ்சி காய்ச்சிக் குடித்தார்கள். இலங்கையிலும் இது உணவாக இருந்தது. ‘சிலோன் மோஸ்’ என்ற பெயரில் அங்கிருந்து ஏற்றுமதியும் ஆனது. நம் கடலுக்குச் சொந்தமான இனம் என்பதால், வளர்த்தால் பவளப்பாறைக்கு அந்நிய இனத்தால் வரும் ஆபத்தும் இல்லை. கப்பாபைகஸையும் உண்ணலாம். பிலிப்பைன்ஸில் அதை வெந்நீரில் காட்டி, வெங்காயம், தக்காளி, புளிக்காடி சேர்த்துப் பச்சடியாகச் சாப்பிடுகிறார்கள்.

கட்டக்கோரையும் பக்கோடா பாசியும் வேண்டாம். இவை பழுப்புப் பாசிகள். கட்டக்கோரை சர்காசம் பேரினத்தைச் சேர்ந்தது. அதே பேரினத்தில் வரும் ‘ஹிஜிகி’ என்ற ஜப்பானியப் பாசியில் நச்சுத்தன்மையுள்ள கனிம ஆர்சனிக் அதிகம் இருப்பதால், அதைச் சாப்பிட வேண்டாம் என்று பிரிட்டன் உணவுத் தர முகமை 2004-லேயே எச்சரித்தது.

கடல் எங்கே என்பதும் முக்கியம். பாசி தான் நிற்கும் நீரில் உள்ளதை வஞ்சனையில்லாமல் உறிஞ்சும். சத்தையும் உறிஞ்சும், காரீயத்தையும் காட்மியத்தையும் உறிஞ்சும். ஆவடிக்கு அருகிலுள்ள கடல் 25 கிலோமீட்டர் தொலைவில் உள்ள எண்ணூர்ப் பக்கம்தான். அனல் மின் நிலையச் சாம்பலும் ஆலைக் கழிவும் கலந்த கழிமுகம் அது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் அங்கு எண்ணெய்ப் படலம் மிதந்ததை எல்லோரும் பார்த்தோம். அந்தப் பக்கம் கரையில் ஒதுங்கும் பாசியை வீட்டுக்கும் கொண்டுவராதீர்கள், மாட்டுக்கும் போடாதீர்கள். கரை ஒதுங்கிய பாசி எந்த ஊரிலும் உணவுக்கு உதவாது.

உரக்கடைப் பாட்டிலில் இருப்பதை உணவோடு சேர்த்து எண்ணவும் கூடாது. அது பயிருக்கான தயாரிப்பு. பதப்படுத்தும் பொருட்கள் கலந்திருக்கும்.

தைராய்டு நோய்க்கு மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக்கூடாது. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் பாசியை நன்றாக அலசி, குழம்பில் உப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

வீட்டில் செய்யும் முறை

உணவுக்கென்று சுத்தம் செய்து, உணவுப் பாதுகாப்பு உரிம எண் அச்சிட்டு விற்கும் உலர்பாசியை வாங்குங்கள். எந்த இனம், எந்தக் கடற்கரை என்பது பொட்டலத்தில் இருக்க வேண்டும்.

கஞ்சி: கஞ்சிப்பாசியை மணலும் கிளிஞ்சல் தூளும் போக நாலைந்து தண்ணீர் மாற்றி அலசுங்கள். இரவு முழுக்க நல்ல தண்ணீரில் ஊறட்டும். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். கடல்வாடை பிடிக்காதவர்கள் ஊறிய பாசியை வெயிலில் காயவைத்து மறுபடி அலசலாம். இரண்டு மூன்று முறை செய்தால் நிறம் வெளுத்து வாடையும் போகும். சுமார் 15 கிராம் உலர்பாசிக்கு ஒரு லிட்டர் தண்ணீர் விட்டு, சிறு தீயில் கரையும்வரை காய்ச்சி வடிகட்டுங்கள். தேங்காய்ப்பால், பனைவெல்லம், ஏலக்காய் சேர்த்தால் மூன்று நான்கு பேருக்கு இனிப்புக் கஞ்சி. நொய்யரிசியோடு சேர்த்துக் காய்ச்சி, சீரகம், பூண்டு, உப்பு போட்டால் காரக் கஞ்சி. சூடாகக் குடியுங்கள், ஆறினால் உறைந்துவிடும்.

பொடி: தினசரி உணவில் நுழைய எளிய வழி இது. அலசிக் காயவைத்த பாசியை வெறும் சட்டியில் முறுமுறுப்பாக வறுத்து, வழக்கமான இட்லிப்பொடிச் சாமானோடு அரையுங்கள். பத்துப் பங்கு பொடிக்கு ஒரு பங்கு பாசி போதும். கறிவேப்பிலைப் பொடி, பருப்புப்பொடியிலும் சேர்க்கலாம். உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள்.

சைனா கிராஸ்: ஒரு லிட்டர் பாலுக்குப் பத்து கிராம். முதலில் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரிலேயே கொதிக்கவிட்டு முழுதும் கரைந்தபின் பாலில் சேர்க்க வேண்டும். கரையாத அகர் தூளை அப்படியே விழுங்கினால் தொண்டையில் உப்பி அடைத்துக்கொள்ளும். குழந்தைகள் உள்ள வீட்டில் இதில் கவனம் தேவை.

வாரத்தில் இரண்டு மூன்று நாள், ஆளுக்கு ஐந்து கிராம் உலர்பாசிக்கு மேற்படாமல் வைத்துக்கொள்வது என் பரிந்துரை.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு

மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன ஆய்வாளர்கள் கடற்பாசியில் ஜாம், ஊறுகாய் போன்ற செய்முறைகளை முன்பே செய்து காட்டியிருக்கிறார்கள். செய்முறை இல்லாமல் இது நின்றுபோகவில்லை. செய்வோருக்கும் வாங்குவோருக்கும் இடையில் பாலம் இல்லாமல்தான் நின்றுபோனது. அந்தப் பாலத்தை நீங்கள் போடலாம்.

திருவள்ளூர் மாவட்டத்தில் பொடி, சத்துமாவு, வடகம் தயாரிக்கும் மகளிர் குழுக்களும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் இருக்கின்றன. இராமநாதபுரத்துப் பெண்கள் குழுக்களிடமிருந்து உலர்பாசியை நேராக வாங்கி, இங்கேயே பொடியாக்கி ஆவடி, அம்பத்தூர் சந்தையில் விற்க முடியும். சென்னைப் புறநகரின் வாங்கும் திறன் இராமேசுவரத்துக் கடற்கரையில் கிடையாது. வாங்குமுன் ஒவ்வொரு சரக்குக்கும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் காரீயம், காட்மியம், ஆர்சனிக், பாதரசம், அயோடின் ஆகிய ஐந்தையும் சோதித்து, முடிவைப் பொட்டலத்தில் அச்சிடச் சொல்லுங்கள். பாட்டிலில் அடைத்துப் பயிருக்கு விற்கும் சாறுக்குத் தரக் கட்டுப்பாடு கேட்கும் நாம், குழந்தை சாப்பிடும் பொடிக்குக் கேட்காமல் இருக்கக்கூடாது.

ஒரு வேண்டுகோளும் உண்டு. அங்கன்வாடிக்கும் சத்துணவுக்கும் இதைக் கொண்டுபோக அவசரப்பட வேண்டாம். அயோடின் அளவு ஒரே சீராக இருக்கிறது என்று பல பருவச் சோதனைகளில் உறுதியான பிறகே அந்தப் பேச்சு. அதுவரை பெரியவர்களின் தட்டில் பழகட்டும்.

கொள்கை அளவில் நான் எதிர்பார்ப்பது இவை: வளமாவூர்ப் பூங்காவில் உரச்சாறு, கராஜீனன் பிரிவுகளோடு உணவுப் பாசிக்கென்று தனிப் பதப்படுத்தும் கூடம், கப்பாபைகஸுக்கு நிகராகக் கஞ்சிப்பாசி விதைக்கும் வளர்ப்புக்கும் மானியம், உணவுத் தரப் பாசிக்கு ஆலைத் தரப் பாசியைவிடக் கூடுதல் விலை கிடைக்கும் கொள்முதல் முறை. சுத்தமாகக் காயவைக்கும் உழைப்புக்குத் தனி விலை கிடைக்காவிட்டால் மணலில் கொட்டிக் காயவைப்பதுதான் தொடரும். நெல்லைத் தார்ச்சாலையில் காயவைக்காதே என்று சொல்லிவிட்டுக் களம் கட்டித் தராமல் இருப்பதுபோல் ஆகிவிடும்.

11 லட்சம் டன் என்ற எண்ணை அரசு எழுதிவிடலாம். அந்த எண்ணுக்குப் பின்னால் மூச்சை அடக்கிக் கடலுக்குள் இறங்கும் பெண்ணுக்கு நல்ல விலை கிடைக்குமா என்பது, அவளிடம் வாங்க எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. அடுத்த முறை இட்லிப்பொடி அரைக்கும்போது பத்துப் பங்குக்கு ஒரு பங்கு கஞ்சிப்பாசி சேர்த்துப் பாருங்கள். அந்த வரிசையில் உங்கள் வீடும் ஒன்றாகிவிடும்.